தொழிற்பயிற்சிச் செலவை யார் தலையில் கட்டுவது?

தொழிற்கல்வி என்று பேச்செடுத்தாலே "படிப்பு ஏறாத பிள்ளைக்கு ஏதோ ஒரு வழி" என்கிற தொனி வந்துவிடுகிறது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். தொழில் திறமையின் பொருளாதார மதிப்பு நம் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

குழாய் வெல்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பார்த்தால் வரிவரியாக அழகாக இருக்கும். எக்ஸ்ரே எடுத்தால்தான் அடியில் முதல் அடுக்கு சரியாக உருகிச் சேரவில்லை, உள்ளே கசடு மாட்டியிருக்கிறது என்று தெரியும். அப்புறம் கிரைண்டரால் அந்த இடத்தைத் தோண்டி, மறுபடி வெல்டிங் வைத்து, மறுபடி எக்ஸ்ரே எடுத்து, அதுவரை பெயின்ட் அடிக்க வேண்டியவரும் இன்சுலேஷன் சுற்ற வேண்டியவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விளிம்பை எவ்வளவு சாய்வாகச் சீவுவது, நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது, கரண்ட்டை எதில் வைப்பது என்று தெரிந்தவர் செய்திருந்தால் இதில் பெரும்பாலான செலவு வந்திருக்காது. ஆனால் வராமல் போன செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, பயிற்சிக்குப் போன பணம் மட்டும் பளிச்சென்று தெரியும்.

சரி, அந்தப் பணத்தை யார் போடுவது? கேரி பெக்கர் என்ற பொருளியலாளர் 1964இல் வந்த தன் நூலில் இதைத் தெளிவாகச் சொன்னார்: எந்த நிறுவனத்திலும் செல்லுபடியாகும் திறமையை முதலாளி தன் கைக்காசில் கற்றுத்தர மாட்டார், ஏனென்றால் கற்றவரைப் பக்கத்து நிறுவனம் கூடுதல் சம்பளம் காட்டி இழுத்துக்கொள்ளும், அதனால் பயிற்சிக் காலத்தில் குறைந்த கூலி வாங்கிக்கொண்டு கற்பவரே அந்தச் செலவைச் சுமப்பார்.

நடைமுறையில் இதை நன்றாகச் சமாளித்த நாடு என்றால் சுவிட்சர்லாந்துதான். அங்கே மூன்றில் இரண்டு பங்கு இளைஞர்கள் தொழிற்கல்விப் பக்கம் போகிறார்கள். வாரத்தில் 3 அல்லது 4 நாள் நிறுவனத்தில் வேலை, மீதி நாள் பள்ளி. முதல் வருடம் நிறுவனத்துக்குப் பாரம்தான், ஆனால் கடைசி வருடத்தில் அந்தப் பையனோ பெண்ணோ கிட்டத்தட்ட முழு வேலையாளின் வேலையைப் பயிற்சிக் கூலிக்குச் செய்துவிடுவதால், பயிற்சி முடிவதற்குள்ளேயே பெரும்பாலான நிறுவனங்களுக்குப் போட்ட காசு திரும்பிவிடுகிறது. ஜெர்மனியில் சராசரியாகப் பார்த்தால் பயிற்சி முடியும்போது கையில் நஷ்டம்தான். ஆனாலும் பயிற்றுவிக்கிறார்கள், ஏனென்றால் அப்படி வளர்த்த ஆளை அப்படியே வேலையில் வைத்துக்கொண்டால் வெளியே ஆள் தேடும் செலவும் புதியவருக்கு வேலை பழக்கும் செலவும் மிச்சம். அங்கே 1969இலேயே தொழிற்பயிற்சிக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது, தேர்வை நடத்துவதும் முதலாளி இல்லை, தொழில் வர்த்தகச் சபைகள், அதனால் சான்றிதழ் எந்த ஊரிலும் செல்லுபடியாகும். பிரிட்டன் வேறு வழியில் போனது. 2017 முதல் பெரிய நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் 0.5 சதவீதத்தைப் பயிற்சி வரியாக வாங்குகிறது.

இதில் ஒரு கவலையும் எனக்கு உண்டு. தொழிற்கல்வி படித்தவருக்கு வேலை சீக்கிரம் கிடைக்கிறது, ஆனால் தொழில்நுட்பம் மாறும்போது நடுவயதில் அவர்தான் அதிகம் தடுமாறுகிறார் என்று பல நாட்டுத் தரவுகளை ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் ஒரே ஒரு மெஷினை ஓட்ட மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்பும் குறுகிய கால வகுப்புகளை என்னால் ஆதரிக்க முடியவில்லை. லேத் ஓட்டியவர் கணினியால் இயங்கும் சிஎன்சி மெஷினுக்கு மாற வேண்டுமென்றால் வரைபடம் படிக்கவும் கோணக் கணக்குப் போடவும் தெரிந்திருக்க வேண்டும், அதையெல்லாம் பதினேழு பதினெட்டு வயதிலேயே பட்டறையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.