ஃபேன் வேகத்தை மொபைல் கேமராவால் அளப்பது: செய்து பார்த்த குறிப்புகள்

சீலிங் ஃபேனில் காற்று குறைந்தால் உடம்புக்கே தெரிந்துவிடும். எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த எண் கையில் இல்லாமல் கண்டன்சரை (மோட்டாரோடு சேர்ந்திருக்கும் கெப்பாசிட்டரை) மாற்றினால், பிறகு கூடிய காற்று கண்டன்சரால் வந்ததா, அன்றைக்கு வோல்டேஜ் நன்றாக இருந்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்லோ மோஷன் எடுக்கும் மொபைல் ஒன்று இருந்தால் எண் கிடைத்துவிடும்.

முதலில் ஃபேனை நிறுத்தி, ஒரே ஒரு இறக்கையின் அடிப்பக்கத்தில், நடுப்பகுதியில், விரல் நீளத்துக்கு ஒரு அடையாளம் ஒட்ட வேண்டும். பிரவுன் இறக்கைக்கு வெள்ளை பேப்பர் டேப், வெள்ளை இறக்கைக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப். நுனியில் ஒட்ட வேண்டாம். அங்கே கொஞ்சம் எடை கூடினாலும் ஃபேன் ஆடும். அடையாளம் இல்லாமல் எடுப்பதில் பயனே இல்லை. மூன்று இறக்கையும் ஒரே மாதிரி இருப்பதால் கண் ஏமாந்துவிடும். உதாரணமாக, நிமிடத்துக்கு 400 சுற்று ஓடும் ஃபேனைச் வினாடிக்கு 30 ஃப்ரேம் (படம்) எடுக்கும் சாதாரண வீடியோவில் எடுத்தால் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே இறக்கை 80 டிகிரி நகர்ந்திருக்கும். அடுத்த இறக்கை 120 டிகிரியில் இருப்பதால், ஃபேன் பின்னோக்கி மெதுவாகச் சுற்றுவதுபோலத் தெரியும்.

மொபைலை ஃபேனுக்கு நேர் கீழே தரையில், பின் கேமரா மேலே பார்க்க வைக்கலாம். திரை அடியில் போய்விடும் என்பதால் ரெக்கார்டிங்கை ஓடவிட்டபின் வைக்க வேண்டும். ரெகுலேட்டர் 5-ல் இருக்கட்டும். ஃபேன் முழு வேகம் பிடிக்க ஒரு நிமிடம் விட்டு, 240 ஃப்ரேமில் பத்து வினாடி எடுத்தால் போதும். பகல் வெளிச்சத்தில் எடுப்பது நல்லது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. பல்பு வினாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிவதால் வீடியோ முழுக்கத் துடிக்கும், அடையாளம் கண்ணுக்குச் சிக்காது.

இனி கணக்கு. 240 ஃப்ரேமில் எடுத்ததை 30 ஃப்ரேமில் ஓட்டினால் நேரம் எட்டு மடங்கு நீளும். அடையாளம் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போது இன்னொரு கடிகாரத்தை ஓடவிட்டு, பத்துச் சுற்று முடிந்ததும் நிறுத்துங்கள். 4800-ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் நிமிடச் சுற்று வந்துவிடும். 16 வினாடி என்றால் 300 சுற்று. 12 வினாடி என்றால் 400. கை தடுமாறி கால் வினாடி பிசகினாலும் சுமார் இரண்டு சதவீதம்தான் தவறும். ஃபேன் பெட்டியில் அச்சிட்ட வேகத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. பல மொபைல்களில் ஸ்லோ மோஷன் வீடியோவின் தொடக்கமும் முடிவும் சாதாரண வேகத்தில் ஓடும், நடுப்பகுதி மட்டுமே மெதுவாக ஓடும். அந்த எல்லையைத் தாண்டி எண்ணினால் கணக்கு கெட்டுப்போகும். எட்டு மடங்கு சரிதானா என்று சந்தேகம் வந்தால், சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளை அதே அமைப்பில் எடுத்துப் பாருங்கள்: முள் பத்து வினாடி நகர, வீடியோவில் 80 வினாடி ஆக வேண்டும்.

ஃபேன் ஆட்டத்துக்கும் இதே வீடியோ உதவும். இறக்கை மட்டத்துக்குப் பீரோ மேல் மொபைலை வைத்துப் பக்கவாட்டில் எடுத்தால், எந்த இறக்கை தாழ்ந்து போகிறது என்பதை டேப் அடையாளம் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் அந்த இறக்கையைப் பிடிக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், இல்லையென்றால் தகடு வளைந்திருக்கும்.

ரிமோட் வைத்த பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன் என்றால் வேலை வேறு. அதில் இந்தக் கண்டன்சர் கிடையாது. ஃபேன் பேச்சுக் கேட்கவில்லை என்றால் முதலில் ரிமோட்டைச் சோதிக்க வேண்டும். ரிமோட் விளக்கு வீசும் அகச்சிவப்பு ஒளி பொதுவாக 940 நானோமீட்டர் அளவில் இருக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது, கேமரா சென்சாருக்குத் தெரியும். பின் கேமராவில் இந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி பெரும்பாலும் பலமாக இருக்கும்; செல்ஃபி கேமராவில் பாருங்கள். இருட்டிய அறையில் ரிமோட் முனையைக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பட்டனை அமுக்கினால் ஊதாவாகவோ வெள்ளையாகவோ மினுக்கும். நன்றாக வேலை செய்யும் டி.வி. ரிமோட்டை முதலில் காட்டி, உங்கள் கேமராவுக்கு இது தெரிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டு, நல்ல ரிமோட்டைத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு. ஒரு பட்டனுக்கு மட்டும் மினுக்கல் வரவில்லை என்றால் ரப்பருக்கு அடியிலுள்ள கறுப்புக் கார்பன் பொட்டில் அழுக்கு படிந்திருக்கும் அல்லது பொட்டு தேய்ந்திருக்கும். எதையும் அமுக்காதபோதே மினுக்கினால் ஏதோ ஒரு பட்டன் சிக்கிக்கொண்டிருக்கிறது. சில ஃபேன்களின் ரிமோட் ரேடியோ அலையில் வேலை செய்யும். அதில் எதுவும் தெரியாது.

சாதாரண ஃபேனுக்குத் திரும்புவோம். வேகம் குறைவு என்று எண் சொல்லிவிட்டது. அடுத்து கண்டன்சரை மூடியிருக்கும் மேல் கப்பை (ஃபேன் கம்பியில் கிண்ணம் போல இருக்கும் மூடியை) இறக்க வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, எம்.சி.பி.-யையே (மீட்டர் பக்கத்துப் பெட்டியிலுள்ள பிரேக்கர் சுவிட்சை) இறக்க வேண்டும்: சில பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரல் ஒயரில் இருக்கும், அணைத்த பிறகும் ஃபேன் வரை கரண்ட் நிற்கும். டெஸ்டரால் பார்த்த பிறகு, உள்ளே தேங்கிய கரண்ட் இறங்க, கண்டன்சரின் இரண்டு கால்களையும் பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துத் தொட்டுவிடுங்கள்.

ஒரு ஒயரைக்கூடக் கழற்றுவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். மோட்டாரிலிருந்து மூன்று ஒயர் வரும். எந்த நிறம் எந்தச் சுருளுக்கு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கண்டன்சரைத் தவறான சுருளில் சேர்த்தால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும், காற்று கீழே வராது. படம் எடுக்கும்போது மொபைல் ஃபிளாஷைப் போடாதீர்கள். குறுகிய கப்புக்குள் வெள்ளையாகப் பூத்து டெர்மினல் மறைந்துவிடும். இன்னொருவர் பக்கத்திலிருந்து டார்ச் அடிக்கட்டும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் சிவப்பும் பிரவுனும் ஒன்றாகிவிடும் என்பதால் ஒரு துண்டு வெள்ளைத் தாளும் படத்துக்குள் இருக்கட்டும். அந்தத் தாள் மஞ்சளாகத் தெரிந்தால் நிறத்தை நம்ப வேண்டாம் என்று பொருள். எல்லாவற்றையும்விட நல்லது, "சிவப்பு ஒயர் கண்டன்சரின் இந்தக் காலுக்குப் போகிறது" என்று விரலால் காட்டி வாய்விட்டுச் சொல்லி ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கொள்வது. மூன்று படங்கள் சொல்லாததை அந்த வீடியோ சொல்லிவிடும்.

கண்டன்சர் மேல் இருக்கும் எழுத்தைப் படிக்க மொபைலை மூக்குக்கு மூக்காகக் கொண்டுபோகக் கூடாது. பல மொபைல்களின் முதன்மைக் கேமரா பத்து சென்டிமீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. ஒரு சாண் தள்ளிப் பிடித்து 2 மடங்கு ஜூம் வைத்தால் தெளிவாக வரும். இரண்டு மெகாபிக்சல் 'மேக்ரோ' கேமராவைவிட இதுவே நன்றாக இருக்கிறது. 2.25, 2.5, 3.15 மைக்ரோஃபாரட் என்று பல அளவுகள் உண்டு. அச்சு மங்கினால் புள்ளிதான் முதலில் மறையும். அந்தப் படத்தையே கடைக்காரரிடம் காட்டிவிடலாம், வடிவமும், இணைப்பு ஒயரா லக்கா (சொருகும் தகடா) என்பதும் அதிலேயே இருக்கும். வேகம் கூடும் என்று பெரிய அளவைப் போடக் கூடாது, சுருள் சூடாகும்.

இந்தக் கண்டன்சர் ஒரே நாளில் சாவதில்லை. உள்ளே பிளாஸ்டிக் படலத்தின் மேல் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். சிறு மின்கசிவு ஏற்படும்போதெல்லாம் அந்தப் புள்ளியில் பூச்சு ஆவியாகித் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் பரப்பு குறைந்துகொண்டே வரும், கூடவே மைக்ரோஃபாரடும் குறையும். காற்று மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைவது இதனால்தான்.

மாற்றிய பிறகு அதே டேப், அதே ரெகுலேட்டர் எண், முடிந்தால் அதே நேரம் வைத்து மறுபடி பத்துச் சுற்றை எண்ணுங்கள். வினாடி குறையவே இல்லை என்றால் கண்டன்சர் காரணமில்லை. ஃபேனை அணைத்துக் கையால் சுற்றிவிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று சுற்றிலேயே நின்றாலோ கரகரவென்று சத்தம் வந்தாலோ பேரிங் போய்விட்டது. பேரிங் விளிம்பில் 6202 போன்ற ஒரு எண் பொறித்திருக்கும். டார்ச்சைக் கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் பிடித்தால் பொறித்த எழுத்தில் நிழல் விழுந்து படத்தில் எடுப்பாக வரும். நேராக அடித்தால் பளபளப்பு மட்டுமே வரும்.