கைப்பிடி அரிசி

உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துக் ஆலயத்துக்கான காணிக்கைப் பானையில் போடுவாள் ஆச்சி. அம்மாவும் அதை விடவில்லை.

2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது எதிர்வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து அடுப்பு மூழ்கிவிட்டது. வரப்புத் தகராறில் நான்கு ஆண்டுகளாக அவர்களோடு பேச்சில்லை. அம்மா ஒரு வார்த்தையும் சொல்லாமல் அந்தப் பானையைக் கவிழ்த்துக் கஞ்சி காய்ச்சினாள். கூடவே காணத் (கொள்ளு) துவையல். முழங்கால் தண்ணீரில் தூக்குச்சட்டியோடு போனேன். வாங்கும்போது அத்தையின் கை நடுங்கியது. “சாப்பிட்டாயா தம்பி?” என்று என்னைக் கேட்டார்கள்!

அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றி இயேசு சொன்ன கதையை ஞாயிறு பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். அந்தக் கதையில் குற்றுயிராய்க் கிடந்தவனை விலகிக் கடந்துபோன ஆசாரியனின், அந்தக் கோயில் குருவின், முகம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த நான்கு ஆண்டுகளுக்காக இன்றும் மன்னிப்புக் கேட்டு ஜெபிக்கிறேன்.