தொப்பூர் இறக்கத்தில் மழை பிடித்தால்

தொப்பூர் இறக்கத்தில் மழை பிடித்ததும் கார்க்காரர்கள் முதலில் தேடுவது ஹசார்டு லைட் சுவிட்சைத்தான். வேகம் மட்டும் குறையாது. நான்கு மஞ்சள் இண்டிகேட்டரையும் சேர்த்து மினுக்கிக்கொண்டே எண்பதில் போவார்கள். முன்னால் போகிறவர் லேன் மாறுகிறாரா, நின்றேவிட்டாரா என்று பின்னால் வருகிற எனக்கு எப்படித் தெரியும்? அது நின்றுபோன வண்டிக்கான லைட், சாமி!

வேலை விஷயமாகச் சேலத்திலிருந்து தருமபுரிக்கு அடிக்கடி கார் ஓட்டுகிறேன். போர்டில் போட்டிருக்கும் வேகம் வெயில் நாளைக்கானது. டயர் நன்றாக இருந்தால், நூறில் போகிற கார் காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்துச் சுமார் 55 மீட்டரில் நிற்கும். ரோடு நனைந்திருந்தால் அதுவே 100 மீட்டரை நெருங்கிவிடும். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஓடிவிடும் 40 மீட்டர் தனிக் கணக்கு. ஈர ரோட்டிலும் அந்த 55 மீட்டரில் நிற்க வேண்டுமென்றால் 75-க்கு இறங்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் யமுனா விரைவுச்சாலையில் பனிக்காலத்துக்குக் கார் வேகத்தை நூறிலிருந்து 75 ஆக்குகிறார்கள். பிரான்சில் மோட்டார்வேயில் 130 என்றால், மழை பெய்தால் சட்டப்படியே 110. பனிமூட்டத்தில் 50 மீட்டருக்கு மேல் தெரியவில்லையா, 50தான்.

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள் இன்னும் மோசம். ரோட்டில் படிந்த எண்ணெயும் புழுதியும் ஊறி வழுக்கும்.

ஏற்காடு மலைப்பாதை வேறு கதை. இருபது கொண்டை ஊசி வளைவு, அதில் மேகமும் இறங்கிவிட்டால் ஹைபீம் போடவே கூடாது. வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். லோபீம், வளைவுக்கு வளைவு ஹாரன், ஏறி வருகிற வண்டிக்கு வழி. இறங்கும்போது இரண்டாவது கியர். சங்ககிரியில் லாரி ஓட்டிய என் மாமா, "ஏறுன கியர்லயே இறங்கு கண்ணு" என்பார். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறவர்களை அவர் திட்டும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

எழுத்து ஓடுகிற மின்பலகைகள் நெடுஞ்சாலைகளில் இருக்கத்தான் இருக்கின்றன. மழை பெய்கிறபோது 'கவனம்' என்று பொதுவாகச் சொல்வதை விட்டு, அன்றைக்கான வேகத்தை அதில் போடலாமே என்று மாமாவிடம் கேட்டேன்.

"போட்டா மட்டும்? நீ கொறைச்சா பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சே கொல்லுவான்."

அடிக்கட்டும். இடது லேனுக்கு ஒதுங்கி வழி விட்டுவிடுகிறேன்.