டிக் போடற பேப்பர்

ஜூன் 18, செவ்வாய்

ஸ்கூல் தொறந்து ஒரு வாரந்தான் ஆச்சு, இது மூணாவது போன். சின்னவன் பெஞ்சு மேல ஏறி ஃபேன கையால நிறுத்தப் பாத்தானாம். வந்ததும் வராததுமா அடிச்சிட்டேன். ராத்திரி தூங்கறப்ப தொடைல என் வெரல் தடம் அப்படியே இருந்துச்சு. அத்தை என்னடான்னா, அவங்கப்பனும் இப்டித்தான், போகப்போக சரியாயிடும்ங்கறாங்க. அவங்கப்பன் கொலுசு பட்டறைல இன்னைக்கும் அரைமணி ஒரு எடத்துல உக்கார மாட்டாரு, அது வேற கதை.

ஜூன் 29, சனி

சேலம் அஸ்தம்பட்டில குழந்தைங்க மனநல டாக்டர பாத்தோம். ரத்த டெஸ்டு, ஸ்கேன்ல தெரியற விஷயம் இல்லியாம், ஏடிஹெச்டின்னா, அதான் கவனம் நிக்காம, ஓயாம துறுதுறுன்னு இருக்கற கோளாறு, 12 வயசுக்குள்ளயே ஆரம்பிச்சிருக்கணும், 6 மாசத்துக்கு மேல இருக்கணும், வீடு ஸ்கூல்னு ஒரு எடத்துக்கு மேல தெரியணும்னு சொன்னாங்க. மொதல்ல காது, கண்ணு செக் பண்ணிட்டு வரணும். கேள்வி பேப்பர் ரெண்டு, எங்களுக்கு ஒண்ணு, டீச்சருக்கு ஒண்ணு.

ஜூலை 1, திங்கள்

மொத ஒம்போது கேள்வி கவனம் பத்தி. பொருள தொலைக்கறது, பேசறப்ப கேக்காத மாதிரி நிக்கறது, ஆரம்பிச்சத முடிக்காம விடறது... டிக் போட்டுட்டே வந்தவ நிறுத்திட்டேன். இது பெரியவ! மூணு வாட்டர் பாட்டில், ரெண்டு ஜாமெட்ரி பாக்ஸ், போன வருஷம் மட்டும். ஜன்னலோரம் உக்காந்து தறிச் சத்தம் கேட்டுட்டு இருப்பா, யாருக்கும் தொந்தரவு இல்ல, அதனால ஒரு டீச்சரும் போன் பண்ணல. நானும் சோம்பேறின்னுதான் திட்டுவேன்.

ஜூலை 20, சனி

சின்னவனுக்கு உறுதியாயிடுச்சு. வயசு 7, அதனால மாத்திரையும் பழக்குற பயிற்சியும் சேத்து. 6 வயசுக்குள்ளன்னா மொதல்ல பெத்தவங்களுக்குத்தான் பயிற்சியாம். மெத்தில்ஃபெனிடேட்னு பேரு, 1950கள்ல இருந்து இருக்கற மருந்து, அத்தைக்குத்தான் பயம். பசி கொறையும், காலைல சாப்ட்டதும் குடுங்க, எடை உயரம் பாத்துட்டே இருக்கணும்னாங்க. அப்புறம், ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் சொல்லணுமாம். "ஷூ கழட்டு, கை கழுவு, டப்பா எடுத்து வை"ன்னு நான் ஒரே மூச்சுல கத்துவேன், அவன் நடு வாசல்ல ஒத்த ஷூவோட நிப்பான். இப்ப கிட்டப் போயி, மூஞ்சியப் பாத்து, "ஷூ கண்ணு". அவ்ளோதான்.

ஆகஸ்ட் 3, சனி, ஆடி 18

மத்தியானம் டப்பா பாதி அப்டியேதான் திரும்பி வருது. ஆனா சாயங்காலம் பசிக்குது, தட்டுவடை செட் ரெண்டு ப்ளேட் உள்ள போச்சு, பீட்ரூட் துருவல் சட்டை பூரா. கூட்டத்துல முட்டாம நின்னான், நான் ஒண்ணும் சொல்லல, தோள்ல கை மட்டும் வெச்சேன்.

பெரியவளுக்கும் ஒரு பேப்பர் கேட்டு வாங்கியாச்சு. டீச்சர்கிட்ட குடுத்துடுன்னு அவ பேக்லயே வெச்சு அனுப்பிச்சேன் பாருங்க, என்னத்த சொல்ல, தொலைச்சுட்டு வந்து நிக்கறா. திங்கக்கெழம நானே கொண்டுபோயி குடுக்கணும்.