ஸ்டீராய்டு சீட்டு மலையேறும்போது

‘பிரட்னிசலோன் காலை 4 மாத்திரை, படிப்படியாகக் குறைக்கவும்.’ சேலத்தில் வார்டிலிருந்து ஏற்காட்டுக்கு ஆள் அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த ஸ்டீராய்டு மாத்திரையை இப்படி எழுதக் கூடாது. எத்தனை மில்லிகிராம் மாத்திரை, எந்தத் தேதியில் குறைப்பது என்று அதில் ஒன்றுமே இல்லை. கீழே வாங்கிய 5 மி.கி. தீர்ந்து, மேலே கடையில் 10 மி.கி. அட்டை கிடைத்தால் அதிலும் நாலுதான் போடுவார்கள். 20 மி.கி. அன்றே 40 ஆகிவிடும். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும் அந்தச் சீட்டு எதையும் சொல்லாது.

நாங்கள் இப்போது எழுதுவது இப்படி: ‘5 மி.கி. மாத்திரை மட்டும். ஜூன் 2 முதல் 8 வரை காலை 4. 9 முதல் 15 வரை 3. 16 முதல் 22 வரை 2.’ அந்த 10 மி.கி.க்குக் கீழே அவசரப்படுவதில்லை. நோயைப் பார்த்து 2.5 மி.கி.யாகத்தான் இறக்குகிறோம். காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே வேளை. ராத்திரி போட்டால் தூக்கம் கெடும்.

எல்லோருக்கும் இந்த இறக்கம் தேவையில்லை. ஆஸ்துமா இழுப்புக்கு 40 மி.கி. ஐந்து நாள் கொடுத்தால் ஆறாம் நாள் அப்படியே நிறுத்தலாம். மூன்று வாரம் தாண்டியவர்கள், அடிக்கடி கோர்ஸ் எடுத்தவர்கள்தான் கவலை. வெளியிலிருந்து மருந்து வர வர, உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். மருந்தைத் திடீரென நிறுத்தினால் உடம்புக்கு ஸ்டீராய்டு போதாமல் போகும்.

பெயர் மாறும்போதும் கணக்கு தவறும். மற்ற ஸ்டீராய்டுகளில் பிரட்னிசலோன் 5 மி.கி.க்குச் சமம் மெத்தில்பிரட்னிசலோன் 4, டெஃப்ளசகார்ட் 6, டெக்ஸாமெத்தசோன் 0.75. காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் போடுகிற 2 மில்லி டெக்ஸா ஊசியில் 8 மி.கி. இருக்கிறது. பிரட்னிசலோன் கணக்கில் அது 50 மி.கி.க்கு மேல்! மூட்டு வலிக்கு, இழுப்புக்கு என்று பொட்டலத்தில் வாங்கும் பொடியையும் விட்டுவிடக் கூடாது. ‘வேற என்ன மருந்தும்மா சாப்பிடுறீங்க?’ என்றால் ‘ஒண்ணுமில்லை’ என்பார்கள். ‘பொடி, லேகியம் ஏதாச்சும்?’ என்றால்தான் பை திறக்கும். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்பியிருந்தால் சந்தேகம் வலுக்கும்.

தொடங்கும் முன் பி.பி., சர்க்கரை, காசநோய் பார்த்துவிட வேண்டும். காலை டோஸில் வெறும் வயிற்றுச் சர்க்கரை பெரும்பாலும் சரியாகவே காட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால்தான் ஏறியது தெரியும். தோட்ட மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களிடம் ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் புழு இருந்தால் ஸ்டீராய்டில் அது உடல் முழுக்கப் பரவி உயிரையே வாங்கும். ஒரு வேளை அல்பெண்டசோல் அதற்குப் போதாது, ஐவர்மெக்டின் வேண்டும். மூன்று மாதம் தாண்டும் என்றால் கால்சியம், வைட்டமின் டி, எலும்புக்கான மாத்திரை பற்றி அன்றே முடிவெடுங்கள்.

சீட்டின் தலையில் சிவப்பு மையில் இரண்டு வரி எழுதுகிறோம். ‘தானாக நிறுத்தக் கூடாது. வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசி.’ இரண்டாவது வரி மேலே இருக்கும் நர்ஸுக்கு. ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு 100 மி.கி. குப்பியைக் கரைத்துத் தசையில் போட்டு, சலைன் ஏற்றிவிட்டுத்தான் 108-ல் ஏற்ற வேண்டும். பி.பி. இறங்கிக் கிடப்பவரை ஊசி இல்லாமல் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறக்கக் கூடாது.