கிரவல் குழியும் பக்கத்து வளவுக் கிணறும்

செங்கலடி–பதுளை வீதியில் கரடியனாறு தாண்டி உள்ளே போனால் ஒரு மேட்டுக் காணி. வீதி வேலைக்காக அங்கே கிரவல், அதாவது கல் கலந்த செம்மண், எடுக்க ஒரு ஒப்பந்தக்காரர் விண்ணப்பித்திருந்தார். தோண்டிய குழியின் சுவர் இடியாமல் நிற்குமா என்று கணித்துச் சொல்லும் சரிவு உறுதி அறிக்கையை அவருக்குத் தயாரித்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி இதற்கான உரிமத்தைப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தில் எடுக்க வேண்டும். கிராம சேவகர், பிரதேச செயலகம், சுற்றாடல் அதிகாரசபை என்று கடிதங்களுக்கு அலைவது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதை. அதை விட்டுவிடுகிறேன். பக்கத்து வளவில் இருந்த ஒரு வீட்டையும் கிணற்றையும் பற்றித்தான் எழுத வேண்டும்.

முதலில் எதையெல்லாம் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்வி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலச் சுரங்க விதி ஒன்றை முன்பு படித்திருந்தேன். தோண்டும் பகுதியிலிருந்து 200 அடிக்குள் பெறுமதியான, நிரந்தரமான கட்டுமானம் எது இருந்தாலும், சேதத்துக்கு ஈடு தருவதாக அதன் உரிமையாளருடன் விண்ணப்பதாரர் ஒப்பந்தம் செய்ய வேண்டும். ஒப்பந்தம் சரிவராவிட்டால், சேதம் வராது என்பதைப் பொறியியல் கணிப்பால் காட்ட வேண்டும். அது நம் நாட்டுச் சட்டம் அல்ல. ஆனாலும் நல்ல அளவுகோல் என்று பட்டதால், 200 அடியை, அதாவது ஏறக்குறைய 61 மீற்றரை, நாடா பிடித்து நடந்தேன். ஒரு மின்கம்பம், வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால், ஒரு ஆச்சியின் வீடு, அவர் கிணறு. குழியின் விளிம்பு வரப்போகிற இடத்திலிருந்து கிணறு 14 மீற்றர், வீடு 22 மீற்றர். குழியின் ஆழம் 6 மீற்றர். வரைபடத்தில் அதன் சுவர் நேர்செங்குத்தாக இருந்தது.

அது ஆவணி மாதம். பக்கத்தில் முன்பு யாரோ தோண்டிவிட்டுப் போன குழியின் சுவர் ஆள் உயரத்துக்கு மேல், வெட்டிய பாறை மாதிரி நின்றது. பெக்கோவின் பல் தடம்கூட அழியவில்லை. ஆய்வுகூட முடிவும் அதற்கு ஏற்றாற்போல் வந்தது: உராய்வுக் கோணம் (மண் துகள்கள் உரசி ஒன்றையொன்று வழுக்கவிடாமல் தடுப்பதன் அளவு) 35 பாகை, ஒட்டுத்தன்மை (அவை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் பலம்) 18 கிலோபஸ்கால். இதை அப்படியே போட்டால் 6 மீற்றர் சுவர் நிற்கும் என்று கணக்கு சொல்லும். நானும் அறிக்கையை ஏறக்குறைய எழுதிவிட்டேன்.

தண்ணீர் மட்டம் என்ற ஒரு கட்டம்தான் நிரப்பாமல் கிடந்தது. அதற்காக ஆச்சியின் கிணற்றைப் பார்க்கப் போனேன். கயிறு விட்டுப் பார்த்தால் தண்ணீர் ஆறரை மீற்றர் கீழே. சரி, குழியின் அடியைவிடக் கீழே இருக்கிறது, கவலை இல்லை என்று எழுதப் போனேன். ஆச்சி உள்ளே கைநீட்டி ஒரு கோட்டைக் காட்டினார். கொங்கிரீட் வளையத்தில் காய்ந்து கறுத்த பாசி, வட்டமாக ஒரே மட்டத்தில். நிலமட்டத்திலிருந்து அளந்தேன், 1.2 மீற்றர்.

“மாரிக்கு வந்து பாருங்க மனே, தண்ணி இந்தா இதுமட்டும் நிக்கும். பதினொராம் ஆண்டு வெள்ளத்துக்குக் கையால அள்ளி எடுத்த நாங்க” என்றார்.

2011 ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பில் யாரும் மறக்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பாசிக் கோடு வெள்ளத்தில் வந்ததல்ல, ஒவ்வொரு மாரியிலும் தண்ணீர் நின்று படிந்தது. பழைய குழியின் சுவரிலிருந்து பெயர்த்த ஒரு கட்டி என் பையில் இருந்தது. கையால் உடைக்க முடியாத கட்டி. ஆச்சியிடம் ஒரு சட்டி வாங்கி, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, அதைப் போட்டேன். சிறு சிறு குமிழி விட்டது. ஓரம் கரைந்து சரிந்தது. அவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் சட்டியில் செம்மண் சேறும் அடியில் கற்களும்தான் இருந்தன. காய்ந்த களி பிடித்துவைத்திருந்த பலத்தைத்தான் ஆய்வுகூடம் 18 என்று அளந்திருக்கிறது. மாதிரிகளை ஊறவைத்து மறுபடி சோதிக்கச் சொன்னேன். கோணம் அவ்வளவாக மாறவில்லை. ஒட்டுத்தன்மை 5க்கு இறங்கியது.

கணக்கு இப்போது வேறு. ஒட்டுத்தன்மையே இல்லை என்று வைத்துக்கொண்டால், 35 பாகை மண் ஒன்றுக்கு இரண்டு சாய்வில், அதாவது ஒரு மீற்றர் உயரத்துக்கு இரண்டு மீற்றர் படுக்கையாக, காய்ந்த நிலையில் 1.4 பாதுகாப்புக் காரணி தரும்; மண்ணைச் சரியவைக்கும் விசையைப் போல அதைத் தாங்கும் பலம் எத்தனை மடங்கு என்பதுதான் இந்தக் காரணி. சரிவு முழுக்க ஊறி, தண்ணீர் அதன் போக்கிலேயே கசிந்தால் அது பாதியாகிவிடும், 0.7. ஒன்றுக்குக் கீழே போனால் மண் நிற்காது. ஒன்றுக்கு மூன்று சாய்வில்தான் ஊறிய நிலையிலும் ஒன்றைக் கொஞ்சம் தாண்டுகிறது. 6 மீற்றர் செங்குத்துச் சுவர் மாரியில் இடிந்து, இடிந்த மண்ணும் அடியில் தங்காமல் போய், அந்தச் சாய்வுக்கு வந்து நிற்க வேண்டுமானால், விளிம்பு 18 மீற்றர் வரை பின்வாங்கலாம். கிணறு இருப்பதோ 14இல். அந்தத் தாளை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அறிக்கையில் தண்ணீர் மட்டமும் கையொப்பமும் மட்டும்தான் பாக்கியாக இருந்தன.

ஒப்பந்தக்காரருக்கு இது பிடிக்கவில்லை. அவர் நட்டம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மூன்று தடவை பேசினோம். கடைசியில் சட்டியையும் ஒரு கட்டியையும் அவர் முன்னாலேயே வைத்தேன். அதற்குப் பிறகு வாக்குவாதம் இல்லை. ஆச்சி பக்கத்தில் ஆழம் 4 மீற்றர், சாய்வு ஒன்றுக்கு மூன்று, மேல் விளிம்பு கிணற்றிலிருந்து 25 மீற்றர் தள்ளி. மழைநீர் சரிவில் இறங்காதபடி மேலே ஒரு வடிகால். விளிம்பு ஓரம் டிப்பர் நிற்கக் கூடாது. ஊறிய மண்ணின் 5 கிலோபஸ்காலையும் சேர்த்து, மண் வட்ட வடிவில் வழுக்கி இறங்கும் என்று வைத்துக் கணிக்கும் வழுக்கு வட்ட முறையில் பார்த்தபோது காரணி 1.5ஐத் தொட்டது. எல்லா மதிப்பையும் மாரி நிலைக்கே எடுத்தேன். மின்கம்பம் விளிம்புக்குப் பக்கத்தில் இருந்ததால், மின்சார சபையிடம் எழுத்தில் அனுமதி கேட்டோம். வாய்க்கால் போதிய தூரத்தில் இருந்தது.

கூட்டுக் கள ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் அதிக நேரம் நின்றது கிணற்றடியில்தான். மாரியில் தண்ணீர் எவ்வளவு என்று அவர்களே ஆச்சியிடம் கேட்டார்கள். உரிமம் எங்கள் அளவுகளையே நிபந்தனையாகக் கொண்டு வந்தது.

இந்த வேலைக்குப் போகிறவர்கள் வெயில் காலத்தில் மாதிரி எடுக்க நேர்ந்தால், ஊறவைத்துச் சோதித்த முடிவு கைக்கு வராமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பாருங்கள். அந்த வீட்டாரிடம் கேளுங்கள்.

மேல் விளிம்புக்கும் கிணற்றுக்கும் இடையில் ஐந்து முளைகள் அடித்திருக்கிறோம். மாரி தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஆச்சியின் பேரன் முளைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து கொப்பியில் எழுதி, போனில் படம் அனுப்புகிறான். போன ஞாயிறு கிணற்றில் தண்ணீர் பாசிக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே. முளைகள் அசையவில்லை.