ப. 87

மின்னூல் வேலைக்கு வந்த புதிதில் நான் முதலில் தூக்கி எறிந்தது பக்க எண்களைத்தான். கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் 200 பக்கப் புத்தகம் 600 திரையாகிவிடும். அதில் எதை 87 என்று சொல்வது? கிண்டில் கருவியே 2007இல் பக்க எண் இல்லாமல், 'லொக்கேஷன்' என்ற ஓர் எண்ணோடுதான் வந்தது. 2011இல்தான் பக்க எண்ணைச் சேர்த்தார்கள்.

அந்தத் தைரியத்தில், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் கட்டுரை நூலில் கடைசியில் இருந்த, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் 14 பக்கச் சொல்லடைவையும் சேர்த்து வெட்டிவிட்டேன். பக்கமே இல்லாத புத்தகத்தில் அது எதற்கு?

"அதான் தேடல் வசதி இருக்கே, ஐயா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "சரி தம்பி, 'குளம்'னு தேடுங்க" என்றார். நான்கு இடம் வந்தது. அவருடைய அடைவில் பதினொன்று. மீதியில் ஆறு இடங்களில் குளத்தில், குளத்து, குளங்கள் என்று உருமாறிக் கிடந்தது. ஓரிடத்தில் அந்தச் சொல்லே இல்லை, 'ஊருணி' என்றிருந்தது. எந்தத் தேடல் அதைக் கொண்டுவந்து கொடுக்கும்?

குறளுக்கும் புறநானூற்றுக்கும் இந்தத் தொல்லை இல்லை. எந்தப் பதிப்பைப் பிரித்தாலும் 'கற்க கசடற' 391தான், 'யாதும் ஊரே' 192தான். உரைநடைக்கு அப்படி யாரும் எண் போட்டு வைக்கவில்லையே. ஆய்வேட்டில் 'மேலது, ப. 87' என்று எழுதுகிறவருக்குப் பக்க எண்ணை விட்டால் வேறு பிடி கிடையாது.

சேர்த்துவிடலாம் என்று இறங்கினேன். மின்னூல் கோப்பு வடிவமான இபப் 3இல் (EPUB 3) அதற்கு வழி இருக்கிறது. அச்சில் பக்கம் மாறுகிற இடத்தில் ஓர் அடையாளம் வைத்து, கோப்புக்குள் ஒரு பக்கப் பட்டியலும் கொடுக்கலாம். எண் திரையில் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நான் தெரியும்படி போட்டுத் தொலைத்தேன். நம் சொற்கள் நீளம், பக்கக் கடைசியில் உடைவது வழக்கம். திரையில் 'போய்க்கொண்டி 87 ருந்தார்' என்று வந்து நின்றது. பார்வையற்ற வாசகர் ஒருவர் குரல்வழியில் கேட்டுவிட்டு, "நடுநடுவே யாரோ ஏலம் விடுறாங்க சார்" என்றார்.

அடையாளங்களைச் சொல்லின் முடிவுக்குத் தள்ளி, எண்ணை மறைத்து, அடைவின் ஒவ்வொரு எண்ணையும் அதனதன் இடத்தோடு இணைக்க இரண்டு வாரம் போனது. நாவலுக்கும் இந்த அளவு மெனக்கெடுவேனா என்றால், மாட்டேன். அதைப் படிக்கிறவருக்கு எத்தனை சதவீதம் முடிந்தது என்று தெரிந்தால் போதும்.

பேராசிரியர் அச்சுப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, கைபேசியில் ஒவ்வோர் எண்ணாகத் தட்டிப் பார்த்தார். அரை மணி நேரம் பேச்சே இல்லை.

"குளம் பதினொண்ணும் இருக்கு" என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "112ல ஊருணிக்கு ரெண்டு சுழி 'னி' விழுந்திருக்கு தம்பி. அச்சிலயும் அப்படித்தான்."